லிண்டன் ஜான்சனும் இந்தியாவுக்கு வந்த கோதுமைக் கப்பல்களும்

அமெரிக்காவின் 36-வது அதிபர் லிண்டன் ஜான்சனை உலகம் வியட்நாம் போருக்காகவே பெரிதும் நினைவுகூர்கிறது. இந்தியாவிலோ, அவரது பெயர் கோதுமைக் கப்பல்களோடு பிணைந்தது.

ஜான்சன் 1908-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்டோன்வால் அருகே, வறண்ட மேட்டுநிலத்தில் பிறந்தார். 1928-ல் கொட்டுலா என்ற சிற்றூரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் பசியோடு பள்ளிக்கு வருவதைக் கண்டார். 1937-ல் நாடாளுமன்ற உறுப்பினரானதும், தமது தொகுதிக்கு மின்சாரம் கொண்டுவர அரசுக் கடன் கோரினார். ஒரு மைலுக்கு மூன்று வீடுகளாவது இருந்தால்தான் கடன் என்பது அன்றைய விதி. அங்கோ அவ்வளவு வீடுகள் இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் அவர் நேரில் முறையிட்ட பிறகு, 1938-ல் அந்த விதியை மீறிக் கடன் வழங்கப்பட்டது. மறு ஆண்டு விளக்குகள் எரிந்தன.

1963 நவம்பரில் கென்னடி டல்லாஸ் நகரில் கொல்லப்பட்டதையடுத்து அதிபரான ஜான்சன், இப்போது கொடுப்பவரின் இடத்தில் இருந்தார்.

1954-ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் 480-ன் கீழ், அமெரிக்கா தனது உபரி தானியத்தை இந்தியாவுக்கு ரூபாய்க்கு விற்று வந்தது. டாலர் தேவைப்படாததால் டெல்லிக்கு இது வசதியாக இருந்தது; வேளாண்மையில் முதலீடு பின்தங்கியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். 1965-ல் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தார். சில மாதங்களுக்குப் போதுமான தானியத்துக்கு மட்டுமே அவ்வப்போது அனுமதி கிடைத்தது. இந்தியாவில் எங்கே மழை பெய்தது என்பதைக்கூட அவர் தாமே கவனித்து வந்தார்.

அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1965 நவம்பரில் ரோம் நகரில், இந்திய உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் இரகசிய உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டனர். புதிய விதைகள், இரசாயன உரம், விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை ஆகியவையே அதன் சாரம்.

ஆனால், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சுப்பிரமணியம் 1964-ல் பொறுப்பேற்றதிலிருந்தே இவற்றை வலியுறுத்தி வந்தவர். அமைச்சரவையில் அவரை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மற்றொரு தமிழரான நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. எனவே பசுமைப் புரட்சி ஜான்சனின் நெருக்குதலால் பிறந்தது என்று கூறுவது மிகையாகும். டெல்லியில் ஏற்கனவே நடந்துவந்த வாதத்தில், அந்த நெருக்குதல் ஒரு தரப்புக்கு வலுச்சேர்த்தது என்பதே பொருத்தம்.

1966-ல் அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில், உலக வங்கி உள்ளிட்டோரின் வற்புறுத்தலுக்கிடையே, டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த மதிப்பை 7 ரூபாய் 50 காசாக இந்தியா மாற்றியது. பின்னர் வியட்நாம் குண்டுவீச்சை இந்திரா காந்தி விமர்சித்தார். பீகாரில் பஞ்சம் நெருங்கிய அவ்வாண்டின் பிற்பகுதியில், ஜான்சன் புதிய அனுமதியைப் பல மாதங்கள் தாமதப்படுத்தினார். வேளாண் சீர்திருத்தத்துக்கான நிபந்தனை என்று அவர் இதற்குக் கூறிய விளக்கத்தை டெல்லியில் பலர் ஏற்கவில்லை. மற்ற நாடுகளும் சுமையைப் பகிர வேண்டும் என்ற அவரது கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் பசித்திருப்பவரைக் காக்கவைத்து அதை வலியுறுத்தியதை நியாயப்படுத்துவது கடினம்.

இதற்கான அரசியல் விலையைச் சுப்பிரமணியமும் கொடுத்தார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் தமிழகத்தில் காங்கிரஸை வீழ்த்திய 1967 தேர்தலில் அவரும் தோற்றார். மெக்சிகோவிலிருந்து அவர் தருவித்த 18,000 டன் விதையின் பலன் மறு ஆண்டுதான் முழுமையாகத் தெரிந்தது: 1968-ல் கோதுமை விளைச்சல் ஒரு கோடியே 60 லட்சம் டன்னைக் கடந்தது. அதே ஆண்டு மார்ச்சில், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என ஜான்சன் அறிவித்தார்.

1973 ஜனவரி 22-ஆம் தேதி டெக்சாஸ் பண்ணை வீட்டில் அவர் காலமானார். தானிய விற்பனையால் இந்தியாவில் குவிந்திருந்த ரூபாயில் பெரும்பகுதியை அமெரிக்கா அடுத்த ஆண்டு விட்டுக்கொடுத்தது. 1974 பிப்ரவரியில் தூதர் டேனியல் மொய்னிஹன் டெல்லியில் அளித்த காசோலையின் மதிப்பு 1,664 கோடி ரூபாய்.