எரிந்த அங்கி

வக்கீல் தொழில் என்றால் சும்மாவா? வாசலிலே கட்சிக்காரர் கூட்டம், பையிலே பீஸ், ஊரிலே பெரிய மனிதர் என்ற பேர்! வெள்ளையர் ஆண்ட சென்னையில், அது எட்டாத கனி என்று ஏங்கியோர் எத்தனையோ பேர். மீனவக் குடியிலே பிறந்த ஒருவர் அந்தக் கனியைப் பறித்தார், சுவைத்தார், பிறகு தாமாகவே வீசி எறிந்தார். அவர்தாம் சிங்காரவேலர்.

1860 பிப்ரவரி 18-இல் சென்னையில் பிறந்தார். சட்டம் கற்றார், உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார். 1921-இல், ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, தம் வழக்கறிஞர் அங்கியைப் பலர் காணத் தீயிட்டு எரித்தார். அப்போது வயது 61. சாய்வு நாற்காலியைத் தேடும் வயது!

தொழிலைத் துறந்தவர் அவர் ஒருவர்தானா? இல்லை. நாடெங்கும் பலர் துறந்தனர். ஆனால் 1922-இல் காந்தியார் இயக்கத்தை நிறுத்தினார். ஆரவாரம் அடங்கிற்று, மாலைகள் வாடின. பலர் மீண்டும் நீதிமன்றப் படி ஏறினர். சிங்காரவேலர் ஏறவில்லை.

ஏன்? மனிதனை இயக்கும் விசை இரண்டு. கூலி, பதவி, புகழ், பயம் இவை வெளியே நின்று இழுப்பவை. இது என் வேலை, இதைச் செய்யாமல் இருக்க முடியாது என்ற உணர்வு உள்ளேயிருந்து உந்துவது. இரண்டும் சேர்ந்து ஓடும்போது எது எது என்று தெரியாது. வெளிக்கயிறு அறுந்த அன்றுதான் தெரியும். பலருக்கு 1922-இல் அறுந்தது, நின்றுவிட்டனர். அவர் நடந்தார்.

1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையில், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொழிலாளர் திருநாளைக் கொண்டாடினார். 1925-இல் கான்பூரில் பொதுவுடைமையாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928-இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம். பரிசு என்ன கிடைத்தது? சிறை! வயதோ 68. 1930-இல் வெளியே வந்தவர் ஓய்ந்தாரா? குடி அரசு ஏட்டில் அறிவியலையும் பகுத்தறிவையும் எழுதிக் குவித்தார். 1946 பிப்ரவரி 11-இல் மறைந்தார்.

அப்படியானால், கூலியை எண்ணுவது கீழ்மையா? அல்லவே அல்ல! தம் பீஸை உதறியவர்தாம் பிறர் கூலிக்காகச் சிறை சென்றார். இதில் முரண் இல்லை. பட்டினி கிடப்பவனிடம் கூலியைக் கருதாதே, கொள்கையைக் கருது என்று உபதேசிப்பது மோசடி. வயிறு நிறைந்தவனுக்குத்தான் உள்ளத்தின் குரல் தெளிவாகக் கேட்கும். ஏழையும் தன் வாழ்வைத் தானே தேர்ந்து முடிவு செய்யும் நிலை வரவேண்டும். கூலிப் போராட்டத்தின் பொருளே அதுதான்.

தேசூரிலே குழித்தறியில் அமர்ந்து நாடா ஓட்டும் தோழா! உன் மகன் தறியிலே அமர்வதா, வேறு தொழில் நாடுவதா என்ற கேள்வி உன் வீட்டிலும் எழும். வாங்கிய முன்பணத்துக்குப் பயந்து அவன் தறியில் அமர்ந்தால், அது கட்டு. பக்கத்து வீட்டான் போனான் என்பதற்காகப் பட்டணத்துக்கு ஓடினால், அதுவும் கட்டுதான். பட்டு அவன் கைக்குப் பிடித்து அமரட்டும், அல்லது படிப்பு அவன் மனத்துக்குப் பிடித்துப் போகட்டும். முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

அந்த உரிமை அவனுக்குக் கிடைக்க, இன்று உனக்கு நியாயக் கூலி வேண்டும். கேள். சேர்ந்து கேள்!