தலைமை மறுக்கப்பட்ட பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு (1876 – 1955)



ஆண்டு மலரில் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அஸர் தொழுகை முடிந்ததும் மட்டையும் பந்துமாகக் கடற்கரை மணலில் இறங்கிவிடும் நம் பிள்ளைகளை நாம் அன்றாடம் காண்கிறோம். இன்றைய ஆட்டக்காரர்களின் பெயர்களையும் அவர்கள் எடுத்த ஓட்டங்களையும் அவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆட்டத்தை இந்நாட்டில் வளர்த்தவர்களுள் முன்வரிசையில் நின்ற ஒருவர், பிறப்பின் பெயரால் எத்தகைய இழிவுகளைச் சுமந்தார் என்பதும், அவருடைய தம்பியர் அதனை எதிர்த்து ஆட்டத்தையே துறக்கத் துணிந்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பிழைப்பும்

பல்வங்கர் பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். கொங்கணக் கரையிலுள்ள பல்வண் என்னும் சிற்றூரே அவருடைய குடும்பத்தின் பூர்விகம். ஊர்ப்பெயரே குடும்பப் பெயராயிற்று. தோல் பதனிடும் தொழிலைக் காரணம் காட்டித் தீண்டத்தகாதோர் என்று அன்றைய சமூகம் ஒதுக்கிவைத்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தந்தையார் புனாவில் இராணுவப் பணியில் இருந்தார். வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டே பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டம் பயின்றனர்.

பாலுவின் முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் கழகம் ஒன்றில் கிடைத்தது. ஆடுகளத்தைக் கூட்டுவதும் உருளை இழுப்பதும் அவ்வேலை. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892-இல் வெள்ளையர்களின் புனா கழகத்திற்கு மாறினார். அங்கே நான்கு ரூபாய் கொடுத்தார்கள். உருளை இழுப்பதோடு, பயிற்சிக்கு வலை கட்டுவதும், டென்னிஸ் மைதானத்திற்குக் கோடு போடுவதும் அவர் பொறுப்பாயின.

பயிற்சிக்கு வரும் துரைமார்களுக்குப் பந்து வீச ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வாறே பாலுவின் கையில் பந்து வந்தது. இடக்கையால் மெதுவாக வீசி, பந்தைத் திருப்பி, ஆடுகிறவரைத் திகைக்கவைக்கும் கலை அவருக்கு வாய்த்திருந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கில மட்டையாளர்களுள் தலைசிறந்தவராகக் கருதப்பட்ட கேப்டன் கிரெய்க், நாள்தோறும் பாலுவைப் பந்து வீசச் செய்து பயிற்சி பெற்றார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்றும் சொல்வதுண்டு. ஆயினும் மட்டையைப் பிடித்து ஆடும் வாய்ப்பை அந்தக் கழகத்தார் பாலுவுக்கு ஒருநாளும் தரவில்லை. மட்டை பெரிய மனிதர்களுக்குரியது, பந்து வீசுவது பணியாளுக்குரியது என்பது அவர்கள் வைத்திருந்த நடைமுறை.

ஒரே பந்து, வேறு குவளை

புனாவில் இருந்த இந்துக்களின் கழகத்தார்க்கு வெள்ளையர் அணியைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வேட்கை இருந்தது. அதற்குரிய பந்துவீச்சாளர் ஊரிலேயே இருந்தார். அவர் பிறந்த வகுப்பே தடையாக நின்றது. கழகத்தார் தமக்குள் வாதிட்டு, இறுதியில் பாலுவை அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தின்போது பாலு தொட்ட பந்தை அனைவரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்துவிட்டால் நிலை மாறிவிடும். மற்றவர்கள் கூடாரத்தின் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்துவர். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். முகம் கழுவ வேண்டுமாயின் அவர் வகுப்பைச் சேர்ந்த பணியாள் ஒருவர் நீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். உணவும் தனித் தட்டில், தனி மேசையில். நம் தென்மாவட்டங்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நிலவியதை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதன்று.

சாதாராவில் வெள்ளையர் அணியை வென்றபோது பாலுவின் பந்துவீச்சே வெற்றிக்குக் காரணமாயிற்று. ஊர் திரும்பிய அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே போன்ற பெருமக்கள், பாலுவோடு சேர்ந்து விளையாடுகிறவர்கள் அவரோடு சேர்ந்து உண்பதற்குத் தயங்கலாகாது என்ற கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தனர். அக்காலத்தில் அது துணிச்சலான பேச்சாகும்.

பம்பாயில்

பின்னர் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கும் இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அணியின் தலைவர் கீர்த்திகர் அவர்களைச் சமாதானப்படுத்திப் பாலுவைச் சேர்த்துக்கொண்டார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. ஆட்டத் திறமையே அவருக்குச் சோறு போட்டது.

அக்காலத்தில் பம்பாயில் கிரிக்கெட் அணிகள் சமயவாரியாகவே அமைந்திருந்தன. வெள்ளையர், பார்சிகள், இந்துக்கள் என்று மூன்று அணிகள் மோதிய முக்கோணப் போட்டி 1907-இல் தொடங்கியது. 1912-இல் முஸ்லிம்களின் அணியும் சேர்ந்ததால் அது நாற்கோணப் போட்டியாயிற்று. இன்று நாடே ஓர் அணியாக ஆடுவதைக் காணும் நம் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கும். அன்று அதுவே நாட்டின் மிகப்பெரிய கிரிக்கெட் திருவிழாவாக விளங்கியது.

அதற்கு முன்னரே 1906-இல் இந்துக்கள் அணி வெள்ளையர் அணியை 109 ஓட்டங்களால் வென்றது. பாலுவின் பந்துவீச்சு அவ்வெற்றிக்குப் பெரிதும் உதவியது. ஆளுகின்ற இனத்தாரை ஆளப்படுவோர் மைதானத்தில் வென்றதை நாடே கொண்டாடியது. தாழ்த்தப்பட்டவரை ஒதுக்கி வைத்திருந்தால் இவ்வெற்றி கிடைத்திருக்குமா என்று சீர்திருத்த எண்ணம் கொண்டோர் வினவினர். சிவராம், கண்பத், விட்டல் ஆகிய தம்பியர் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அணியில் இடம்பெற்றனர்.

1911-இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பல ஆட்டங்களில் தோற்றது. ஆனால் முப்பத்தைந்து வயதான பாலு அந்தப் பயணத்தில் மொத்தம் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆங்கிலேய ஆட்டக்காரர்களே வியந்தனர். தாயகம் திரும்பிய அவரை ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் பெருமிதமாகக் கொண்டாடினர். அன்று மாணவராயிருந்த அம்பேத்கரும் பாலுவைப் போற்றியவர்களுள் ஒருவர்.

மறுக்கப்பட்ட தலைமை

இவ்வளவு புகழுக்குப் பின்னரும் இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு பாலுவுக்கு வரவில்லை. அனுபவத்தில் அவரே மூத்தவர். அணியின் வெற்றிகள் பெரும்பாலும் அவருடைய கையாலேயே வந்தன. அவரைத் தலைவராக்க வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுந்தது, ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டது. 1913-இல் எம். டி. பை தலைவரானபோது, இந்தப் பெருமை நண்பர் பாலுவுக்கே சேர்ந்திருக்க வேண்டும் என்று அவரே பொதுமேடையில் கூறினார். நடுநிலை தவறாத அம்மனிதரின் பண்பை நாம் பாராட்டியே ஆக வேண்டும்.

முத்தும் சங்கும் குளித்த கரையில் வாழ்கிற நமக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை. மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்குகிறவர் ஒருவர். கரையில் அமர்ந்து விலை சொல்லுகிறவர் வேறொருவர். ஒருவருடைய திறமையைப் பயன்படுத்திக்கொள்வது வேறு; அத்திறமைக்கு உரிய இடத்தை அவருக்குக் கொடுப்பது வேறு. பாலுவின் வாழ்வில் முதலாவது நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை.

1920-இல் நடந்தது

1920-ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. தீண்டாமை ஒழிய வேண்டும் என்ற குரலும் ஓங்கி ஒலித்தது. அவ்வாண்டின் நாற்கோணப் போட்டிக்கான அணியில் முதலில் பாலுவின் பெயர் இல்லை. அவருக்கு வயது நாற்பத்து நான்கு என்பதால் அதனை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பை நோயுற்றிருந்ததால் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது. அப்போது சிறந்த மட்டையாளராகவும் அனுபவத்தில் மூத்தவராகவும் இருந்த விட்டலைத் தவிர்த்து, தேவ்தர் தலைவராக அறிவிக்கப்பட்டார்.

விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். பிறந்த சாதியின் காரணமாகவே தங்கள் குடும்பத்தாருக்குத் தலைமை மறுக்கப்படுகிறது என்பதைப் பத்திரிகை வாயிலாக வெளிப்படையாக அறிவித்தனர். இதன் பாரத்தை இளைஞர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரும்போட்டி அது. இருவரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். மீண்டும் அழைப்பு வரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் செல்வமோ பதவியோ இல்லை. கையிலிருந்தது ஆட்டம் ஒன்றே. அந்த ஒன்றையே அவர்கள் பணயம் வைத்தார்கள்.

பொதுமக்களின் ஆதரவு சகோதரர்களின் பக்கம் திரும்பியது. பை உடல்நலம் தேறித் தலைமையை ஏற்றார். விலகிய இருவரும் மீண்டும் சேர்க்கப்பட்டனர். பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே பை மைதானத்தை விட்டு வெளியே சென்று நின்றுகொண்டார். அவ்வாறு சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். அவருக்கு வாய்த்த தலைமை அவ்வளவே.

1923-இல் விட்டல் முறைப்படி அணித்தலைவரானார். அவ்வாண்டே இந்துக்கள் அணி வெள்ளையரை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அன்று விட்டலைத் தோளில் தூக்கிச் சென்ற கூட்டத்தில் எல்லாச் சாதியாரும் இருந்தனர். அண்ணன் உழுத நிலத்தில் தம்பி அறுவடை செய்தார் என்று நாம் கொள்ளலாம்.

அரசியலில் பாலு

ஓய்வுக்குப் பின் பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932-இல் உருவான புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். நம் தமிழகத்தின் எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளனர். தனித்தொகுதி குறித்து அம்பேத்கர் கொண்டிருந்த கருத்திலிருந்து பாலு வேறுபட்டார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒருவரையொருவர் மதித்த இருவர் எதிரெதிரே நிற்க நேர்ந்தது காலத்தின் கோலமே. யார் வழி சரி என்று தீர்ப்புக் கூறுவது இங்கு நமது வேலையன்று.

முதல்தர ஆட்டங்கள் 33-இல் 179 விக்கெட்டுகளை வீழ்த்திய பாலு, 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பம்பாயில் காலமானார். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932-இல் ஆடியபோது அவருடைய ஆட்டக்காலம் முடிந்துபோயிருந்தது. ஆதலால் சாதனைப் பட்டியல்களில் அவர் பெயர் பெரிதாக இடம்பெறவில்லை. 2002-இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா தம் நூலில் விரிவாக எழுதிய பின்னரே பலரும் அவரை அறிந்தனர்.

பிறர் கொடுத்த விலை

ஆட்டக்காரர்கள் அநீதியை எதிர்த்து, அதன் விளைவைத் தாமே ஏற்ற நிகழ்வுகள் வேறு பல உண்டு. 1932-இல் தேசத் தலைவர்கள் சிறையில் இருந்ததால் விஜய் மெர்ச்சன்ட் இங்கிலாந்துப் பயணத்தை மறுத்தார். நாட்டின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பை இழந்தார். 1936-இல் அவரும் முஷ்தாக் அலியும் மான்செஸ்டரில் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்தது தனிப்பெருமை. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1967-இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் பட்டத்தை இழந்து, மூன்றாண்டுகளுக்கு மேல் களம் காண இயலாதிருந்தார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்பினத்தாரின் உரிமைக்காகக் கை உயர்த்திய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் ஆகிய இருவரும் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1974-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியையே புறக்கணித்தபோது, சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் கைக்கெட்டிய கோப்பையை இழந்தனர்.

இவர்களுள் பலரை உலகம் பிற்காலத்தில் கொண்டாடியது. ஆனால் ஓர் ஆட்டக்காரரின் உடல் வலிமை சில ஆண்டுகளே நிற்கும். இழந்த அந்த ஆண்டுகளைப் பிற்காலத்துப் பாராட்டு திருப்பித் தருவதில்லை.

நாம் எண்ண வேண்டியது

பிற சமூகத்தாரின் குறையைச் சுட்டுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. ரானடே, கீர்த்திகர், பை முதலியோர் அதே சமூகத்திலிருந்தே எழுந்து நியாயத்தின் பக்கம் நின்றவர்கள் என்பதை மறக்கலாகாது. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தொழுகை வரிசையில் முதலாளியும் கூலியாளும் தோளோடு தோள் நிற்கிறோம். பள்ளியை விட்டு வெளியே வந்த பின், ஒரு பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதும், சம்பந்தம் பேசும்போதும், பந்தியில் அமர்த்தும்போதும், தகுதியைப் பார்க்கிறோமா, குடும்பத்தையும் பொருளையும் பார்க்கிறோமா? பிள்ளைகளின் விளையாட்டு அணிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சிறு காரியத்திலும் இக்கேள்வி இருக்கிறது.

பாலுவைப் பந்து வீச அழைத்தவர்கள் அவருடைய எதிரிகள் அல்லர். அவரால் வெற்றி பெற்றவர்கள். அவரைப் பாராட்டிப் பேசியவர்கள். ஆயினும் உரிய இடத்தைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இரு தம்பியர் விலகி நின்ற பிறகே அது அசைந்தது. உழைக்கிறவர் விலகி நின்று கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளாமல், உரியதை உரிய காலத்தில் கொடுத்துவிடுவதே நீதியாகும். அத்தகைய நீதியுள்ள மஹல்லாவாக நம் மஹல்லா விளங்க வல்ல நாயன் அருள்புரிவானாக, ஆமீன்.