ஜான் டால்ட்டனின் கண்கள்

தறியோசை ஓயாத ஆர்.கே.பேட்டையில், பாவு ஓட்டுகையில் சிவப்பு நூலையும் பச்சை நூலையும் மாற்றிவிடும் இளைஞன் ஒருவன் இருப்பானாயின், அவனைக் கவனமற்றவன் என்றே நாம் கடிவோம். அவனுடைய கண்ணின் இயல்பே அதுவாயிருக்கலாம் என்பது நமக்குத் தோன்றாது. அவ்வியல்பைத் தம்மிடத்திலேயே கண்டு, முறையாக ஆராய்ந்து எழுதிய ஜான் டால்ட்டனும் ஒரு நெசவாளரின் மைந்தரே.

இவர் 1766-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபாலுள்ள ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். பன்னிரண்டாம் பிராயத்திலேயே பள்ளியொன்றில் ஆசிரியராயினார். குவேக்கர் சபையினராதலின் அந்நாட்டுச் சர்வகலாசாலைகள் அவருக்குத் திறக்கவில்லை. 1793-இல் மான்செஸ்டர் நகரையடைந்து, கணிதமும் இயற்கைத் தத்துவமும் போதித்தார். 1808-இல் அவர் வெளியிட்ட அணுக்கொள்கையை ரசாயனம் பயில்வோர் யாவரும் அறிவர். ஆதலின் அதனை ஈண்டு விரித்திலேம்.

1792-இல் ஒருநாள் ஜெரேனியம் மலரொன்றை மெழுகுவர்த்தி ஒளியில் அவர் நோக்கினார். பகலில் வானீலமாய்த் தோன்றிய அம்மலர் அப்பொழுது செந்நிறமாய்த் தோன்றிற்று. நண்பர்களை வினவியபோது, பகலிலும் இரவிலும் அதன் நிறம் பெரிதும் மாறவில்லையென்றனர். அவரைப்போலவே கண்டவர் அவருடைய சகோதரர் ஒருவரே. பிறர்க்குச் சிவந்து தோன்றும் முத்திரை அரக்கும் பசிய லாரல் இலையும் இவருக்கு ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. வானவில்லில் மஞ்சளும் நீலமும் ஊதாவும் மட்டுமே தெளிவாய்ப் புலப்பட்டன. இத்தகையோர்க்கு உலகமெல்லாம் கருப்பும் வெள்ளையுமே என்று பலர் எண்ணுவது பிழை.

இவற்றையெல்லாம் 1794-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் மான்செஸ்டர் இலக்கிய தத்துவ சங்கத்தில் அவர் வாசித்தார். தம் விழியினுள் நிறைந்த நீர்மம் நீலச்சாயம் பெற்றிருப்பதே காரணம் என்பது அவர் துணிபு.

1834-இல் மன்னரைக் காணச் செல்லுங்கால் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் செவ்வங்கியை அவர் அணிய நேர்ந்தது. செவ்வாடை குவேக்கர்களுக்கு ஆகாதது. அவருக்கோ அது மண்ணிறமாகவே தோன்றிற்றாம்! சபையினர் என்ன நினைத்தனரோ?

தம் கொள்கை மெய்யோ பொய்யோ என்பதைத் தாம் இறந்தபின் தம் கண்களை அறுத்துச் சோதித்து அறியவேண்டுமென அவர் ஏற்பாடு செய்திருந்தார். தாம் ஐம்பதாண்டு நம்பியதைப் பிறர் தகர்க்க வழிவிட்ட இச்செயலை, அணுக்கொள்கையினும் மேலாக நாம் போற்றுகின்றோம். 1844-ஆம் ஆண்டு ஜூலை 27-இல் அவர் காலமானார். மறுநாள் வைத்தியர் ரான்சம் சோதித்தபோது, நீர்மம் தெளிந்தேயிருந்தது, நீலச்சாயம் சிறிதுமில்லை. மற்றொரு கண்ணின் பின்புறத்தை வெட்டி அதனூடே நோக்கியபோதும் சிவப்பும் பச்சையும் வேறாகவே தெரிந்தன. டால்ட்டனின் துணிபு வீழ்ந்தது. ஆயினும் உண்மைக் காரணம் அன்று விளங்கவில்லை.

பாதுகாக்கப்பட்டிருந்த கண்ணின் எச்சத்தினின்று மரபணுவைப் பிரித்து, 1995-இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். நிறங்களைப் பகுத்தறிய நம் விழித்திரையில் மூவகைக் கூம்பு உயிரணுக்கள் உள. அவற்றுள் பச்சையொளியை மிகுதியாய் ஏற்கும் வகைக்குரிய மரபணு அவரிடத்து இல்லை. அது எக்ஸ் குரோமோசோமில் அமைவது. மைந்தன் அதனைத் தாயினிடமிருந்தே பெறுகின்றான். ஆகவே சகோதரர் இருவர்க்கும் அவ்வியல்பை அளித்தவர் தறிநெய்த தந்தை ஜோசப் அல்லர். எல்லா நிறங்களையும் தாம் குறைவின்றிக் கண்டிருக்கக்கூடிய அன்னை டெபோராவே.