பாதாள அறையில் ஒளிந்த புகழ்

முதலாளிகள் வேண்டாம் என்று தள்ளிய பொருளை, அவர்களுக்குத் தெரியாமல் 3 ஆண்டுகள் செய்து வந்தார் ஒருவர். பிற்காலத்தில் அதே பொருள்தான் அந்தக் கம்பெனிக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது.

அவர் பெயர் மாக்ஸ் ஷூபர்ட். "கிரேஞ்ச்" என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயினை உண்டாக்கியவர். ஒயின் என்பது திராட்சையைப் புளிக்க வைத்துச் செய்யும் மது.

எடுபிடிப் பையன்

தெற்கு ஆஸ்திரேலியாவில் பரோசா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. வெயில் அதிகம். திராட்சை செழித்து வளரும். ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் அங்கு ஏராளமாகக் குடியேறினார்கள். அப்படி வந்தவர்களின் வழியில், மொகுல்ட்டா என்ற சிற்றூரில், 1915-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி மாக்ஸ் பிறந்தார்.

1931-ம் ஆண்டு "பென்போல்ட்ஸ்" என்ற மது கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பிறகு அடிலெய்டு நகரின் அருகே உள்ள மகில் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார். பகலில் வேலை பார்த்தார். இரவில் ரசாயனம் படித்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து போனார். உயிரோடு திரும்பி வந்து, பழைய வேலையில் அமர்ந்தார். 1948-ம் ஆண்டு கம்பெனியின் தலைமை மது தயாரிப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 33.

பிரான்சில் பிறந்த ஆசை

1950-ம் ஆண்டு கம்பெனி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அந்தப் பயணத்தில் பிரான்சு நாட்டின் போர்டோ பகுதிக்கும் போனார். அங்கே கிறிஸ்டியன் குரூஸ் என்ற மது வணிகர், 40, 50 ஆண்டுகள் ஆன ஒயின்களைத் திறந்து காட்டினார். அவை கெடவில்லை. மணமும் சுவையும் கூடி இருந்தன.

மாக்சுக்கு வியப்பு தாங்கவில்லை. 20 ஆண்டுகளாவது உயிரோடு இருக்கும் ஒயினை நம் நாட்டிலும் செய்ய வேண்டும் என்று உறுதி கொண்டார்.

ஆனால் போர்டோவின் திராட்சை வகைகள் தெற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது மிகக் குறைவு. ஆகவே, அங்கு நிறைய விளையும் "ஷிராஸ்" என்ற கருந்திராட்சையை எடுத்துக் கொண்டார். ஒரே தோட்டத்தை நம்பவில்லை. மகில் தோட்டத்துப் பழத்தோடு, மார்பெட் வேல் பகுதிப் பழத்தையும் சேர்த்தார். ஒன்றில் இல்லாததை மற்றொன்று கொடுத்தது. சில ஆண்டுகளில் "கேபர்னே" என்ற திராட்சையும் சிறிது கலந்தது.

வெயில் நாட்டில் சாறு வேகமாகப் புளித்துப் பொங்கும். பழத்தின் மணம் போய்விடும். அதைத் தடுக்க மாக்ஸ் சாற்றைக் குளிர வைத்தார். 12 நாட்கள் மெல்லப் புளிக்க விட்டார். தோல் மேலே மிதந்து வராதபடி பலகை கொண்டு அமுக்கி வைத்தார். தோலில் உள்ள நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கின.

1951-ம் ஆண்டு அவர் செய்தது, புதிய ஓக் மரப் பீப்பாய்கள் ஐந்து அளவுதான். ஒரு பீப்பாயில் சுமார் 300 லிட்டர் பிடிக்கும்.

எறும்பு நாற்றமா?

கிரேஞ்ச் பாட்டில்கள் சிட்னியில் இருந்த தலைமைக் காரியாலயத்துக்குப் போயின. டைரக்டர்களும் மது அறிந்த பிரமுகர்களும் சுவைத்தார்கள். முகம் சுளித்தார்கள். காட்டுப் பழத்தோடு எறும்பை நசுக்கிப் போட்டது போல் இருக்கிறது என்றுகூட ஒருவர் குறை சொன்னார்.

அன்றைய ஆஸ்திரேலியர்கள் குடித்த ஒயின்கள் பெரும்பாலும் ஷெர்ரியும் போர்ட்டும்தான். இந்தத் துவர்ப்பு அவர்களுக்குப் புதிது. காய் கனிவதற்கு முன்னால் கடித்துப் பார்த்த கதைதான்!

டைரக்டர்களுக்கு வேறு கவலையும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் விற்காத சரக்கில் பணம் முடங்கிக் கிடந்தது. 1957-ம் ஆண்டு அறுவடைக்கு முன்னால் உத்தரவு வந்தது. கிரேஞ்சை நிறுத்து!

திருட்டுத்தனமா, துணிச்சலா?

மாக்ஸ் நிறுத்தவில்லை. சிட்னி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெப்ரி பென்போல்ட் ஹைலண்ட் அவருக்குத் துணை நின்றார். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும், கொஞ்சம் கொஞ்சமாக, ரகசியமாக கிரேஞ்ச் தயாராயிற்று. மகிலின் பாதாள அறைகளில் பாட்டில்கள் ஒளிந்து கிடந்தன.

புதிய பீப்பாய் வாங்கினால் கணக்கில் தெரிந்து விடும். ஆகவே பழைய பீப்பாய்களையே பயன்படுத்தினார். வெளியே தெரிந்திருந்தால் 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பெற்ற பதவி போயிருக்கும்.

பொறுத்தார் பூமி ஆள்வார் அல்லவா? காலம் தன் வேலையைச் செய்தது. முதலில் செய்த ஒயின்கள் பாட்டிலுக்குள்ளேயே பக்குவம் அடைந்தன. துவர்ப்பு தணிந்தது. மணம் எழுந்தது. டைரக்டர்கள் மறுபடியும் சுவைத்தார்கள். மனம் மாறினார்கள். 1960-ம் ஆண்டு அறுவடைக்கு முன், மீண்டும் தயாரிக்கும்படி அவர்களே உத்தரவு போட்டார்கள்.

1962-ம் ஆண்டு சிட்னிப் போட்டியில் 1955-ம் ஆண்டு கிரேஞ்ச் தங்கப் பதக்கம் வென்றது. பிறகு அந்த ஓர் ஆண்டு ஒயின் மட்டும் 50-க்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்களைக் குவித்தது. அதுவும் முகம் சுளிக்கப்பட்ட காலத்தில் செய்ததுதான்!

மாக்ஸ் 1975-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். 1988-ம் ஆண்டு "டிகான்டர்" என்ற பிரிட்டிஷ் பத்திரிகை, அந்த ஆண்டின் சிறந்த மனிதராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 1994-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி அவர் காலமானார். மறு ஆண்டே, அமெரிக்காவின் "ஒயின் ஸ்பெக்டேட்டர்" பத்திரிகை 1990-ம் ஆண்டு கிரேஞ்சை உலகின் முதல் ஒயின் என்று அறிவித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1951-ம் ஆண்டு செய்த முதல் பாட்டில்கள் கடைக்கே வரவில்லை. மாக்ஸ் அவற்றை நண்பர்களுக்கு இனாமாகக் கொடுத்தார். அந்தப் பாட்டில் ஒன்று, பிற்காலத்தில் ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விலை போயிற்று.