மலையில் பாடம் படித்த டார்வின்

சார்லஸ் டார்வின் என்றதும் குரங்கும் மனிதனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் முதலில் பெயர் எடுத்தது கல்லையும் மண்ணையும் ஆராய்ந்துதான்! பூகர்ப்ப சாஸ்திரம் என்னும் அந்தப் படிப்பை அவர் கற்றுக்கொண்டது, 1831-ம் ஆண்டு கோடையில், வேல்ஸ் நாட்டு மலைகளில்.

வேப்பங்காய்

டார்வின் 1809-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெரிய டாக்டர். மகனையும் டாக்டர் ஆக்க நினைத்து எடின்பரோ நகருக்கு அனுப்பினார். அங்கே ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து வராத காலம் அது. பார்க்கச் சகிக்காமல் டார்வின் வெளியே ஓடிவிட்டார்.

அங்கேதான் பூகர்ப்ப சாஸ்திரப் பாடமும் கேட்டார். வேப்பங்காயாகக் கசந்தது. இந்த சாஸ்திரத்தை இனித் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார்!

பிறகு பாதிரியார் ஆவதற்காக கேம்பிரிட்ஜில் படித்தார். படித்ததைவிட வண்டு பிடித்ததே அதிகம். ஹென்ஸ்லோ என்ற தாவரப் பேராசிரியருக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. பூமியைப் பற்றியும் படிக்கச் சொன்னார். பேராசிரியர் செட்ஜ்விக் கோடை விடுமுறையில் வேல்ஸ் மலைக்குப் போக இருந்தார். டார்வினையும் அழைத்துப் போகும்படி ஹென்ஸ்லோ கேட்டுக்கொண்டார்.

பாறைகளின் சரிவை அளக்கும் கருவி ஒன்றை டார்வின் வாங்கினார். அளக்க வீட்டில் பாறை ஏது? படுக்கை அறையிலிருந்த மேஜைகளைச் சாய்த்து வைத்து அளந்து பழகினார்!

சிரித்தார் பேராசிரியர்

ஆகஸ்டு மாதம் செட்ஜ்விக் வந்து, டார்வின் வீட்டில் தங்கினார். ஊருக்குப் பக்கத்தில் சரளைக்கல் தோண்டும் குழியில், வெப்ப நாட்டுக் கடற்சிப்பி ஒன்று கிடைத்ததாக டார்வின் சொன்னார். செட்ஜ்விக் சிரித்துவிட்டார். யாரோ வீசி எறிந்த சிப்பியாக இருக்கும் என்றார். அது உண்மையிலேயே மண்ணுக்குள் புதைந்திருந்தது என்றால், அந்தப் பகுதியைப் பற்றி அறிந்ததெல்லாம் பொய்யாகிவிடும் என்றார்.

டார்வினுக்கு ஒரே வியப்பு. ஒரு சிப்பியை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, பல உண்மைகளைத் திரட்டிச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் இருவரும் குதிரை வண்டியில் புறப்பட்டார்கள். மலைக்குப் போனதும், செட்ஜ்விக் ஒரு வழியில் நடப்பார். டார்வினைப் பக்கத்து வழியில் அனுப்புவார். கல் துண்டுகளை எடுத்து வரவேண்டும். பாறை அடுக்கு எப்படிப் போகிறது என்று படத்தில் குறிக்கவேண்டும். பேராசிரியருக்கு இந்த உதவி தேவையே இல்லை. பையன் கற்கட்டும் என்றுதான் அனுப்பினார். நல்ல வாத்தியார்!

ஒரு பள்ளத்தாக்கில் சிவப்பு மணற்கல் இருப்பதாகப் பழைய படத்தில் போட்டிருந்தது. டார்வின் தேடிப் பார்த்தார். கல் இல்லை. படம்தான் தவறு!

கண்ணில் படவில்லை

இட்வால் என்ற மலைப் பள்ளத்தில் இருவரும் பல மணி நேரம் தேடியதாக டார்வின் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தேடியது, கல்லில் பதிந்த பழைய சிப்பிகளை. சுற்றிலும் கீறல் விழுந்த பாறைகள், எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த உருண்டைக் கற்கள், வரப்புபோலக் குவிந்த கல் மேடுகள். இருவரும் அவற்றைக் கவனிக்கவே இல்லை!

பிறகு டார்வின் தனியே நடந்து மலையைக் கடந்து, ஆகஸ்டு 29-ந் தேதி வீடு திரும்பினார். ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. "பீகிள்" கப்பலில் உலகம் சுற்ற அழைப்பு! அப்பா கூடாது என்றார். மாமா பரிந்து பேசிச் சம்மதிக்க வைத்தார். டிசம்பர் 27-ந் தேதி கப்பல் புறப்பட்டது.

மலையில் கற்ற பாடம் கடல் தாண்டிக் கைகொடுத்தது. 1835-ல் சிலி நாட்டில் பூகம்பம். கடலோர நிலம் சில அடி உயர்ந்து, சிப்பிகள் கரையில் கிடந்தன. ஆண்டிஸ் மலையில் 10,000 அடிக்கு மேலேயும் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடந்தன. கடலடி நிலம் சிறுகச் சிறுக உயர்ந்தே மலையாயிற்று என்று டார்வின் கண்டார். 1836-ல் ஊர் திரும்பினார்.

1840-ல் அகாசி என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பிரிட்டனுக்கு வந்தார். ஒரு காலத்தில் இந்த மலைகளிலும் பனிக்கட்டி ஆறுகள் இருந்தன என்றார். நகரும் பனிக்கட்டி பாறையைக் கீறும், கற்களைச் சுமந்து வந்து குவிக்கும் என்று விளக்கினார். டார்வினுக்கு இட்வால் நினைவு வந்தது.

1842 ஜூனில் மறுபடி அங்கே போனார். அதே கீறல்கள்! அதே கற்கள்! அதே மேடுகள்! தீயில் எரிந்துபோன வீடுகூட இவ்வளவு தெளிவாகத் தன் கதையைச் சொல்லாது என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஆண்டே கட்டுரை எழுதி வெளியிட்டார்.

அப்போது அவருக்கு வயது 33. உடம்பு நலிந்திருந்தது. 1882 வரை வாழ்ந்தாலும், மலை ஏறிக் கல் பார்க்கும் அளவுக்குத் தெம்பு இருந்தது அந்த முறைதான் கடைசி.