துர்காவைத் தந்த டாக்டரை நம்ப 19 வருஷம் ஆனது ஏன்?

சேலம், நாமக்கல் பக்கம் மெயின் ரோட்டில் போனாலே கருத்தரிப்பு மைய போர்டு கண்ணில் படும். கருவை உறைய வைப்பது இன்று சாதாரண சிகிச்சை. ஆனா, இதை இந்தியாவில் முதலில் செய்துகாட்டியவருக்கு என்ன நடந்தது தெரியுமா?

யார் இவர்?

சுபாஷ் முகோபாத்யாய். 1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தார். கொல்கத்தாவில் டாக்டருக்குப் படித்தார். அங்கே ஒன்று, எடின்பரோவில் ஒன்று என இரண்டு பிஎச்டி வாங்கினார்.

என்ன சாதித்தார்?

1978 ஜூலை 25-ல் உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது. சரியாகப் பத்தே வாரத்தில், அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள்.

இங்கிலாந்தில் இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு கருமுட்டையை எடுத்தார்கள். சுபாஷ் ஹார்மோன் ஊசி போட்டு பல முட்டைகளை வளர வைத்தார். அந்த ஊசி கருப்பையின் இயல்பை மாற்றிவிடும் என்பதால், கருவை 53 நாள் உறைய வைத்துவிட்டு, பிறகே உள்ளே வைத்தார். உறைகருவில் பிறந்த அடுத்த குழந்தையை உலகம் பார்த்தது 1984-ல், ஆஸ்திரேலியாவில்.

முதலில் குரங்கில் சோதிக்கவில்லையா?

இங்கே கதை தலைகீழ். ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் ரீசஸ் குரங்கு இந்த முறையில் குட்டி ஈன்ற செய்தியே, அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து 1984-ல்தான் ஆய்விதழில் வந்தது. அதனால் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. விசாரித்த விதம்தான் தப்பு.

பிறகு?

மேற்கு வங்க அரசு அமைத்த குழுவில் இந்தத் துறை நிபுணர்கள் இல்லை. அது அவரை நம்ப மறுத்தது. 1979-ல் ஜப்பான் மாநாட்டுக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் ஜூன் 19-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

உண்மை எப்படி வெளிவந்தது?

1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று பாடப்புத்தகம் வரை போய்விட்டது. அந்தக் குழுவின் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார், ரீசஸ் குரங்குகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர். சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தவர், முதலிடம் தங்களுக்கல்ல, சுபாஷுக்கே என்று 1997-ல் எழுதினார்.

சுபாஷைக் காப்பாற்ற அது உதவவில்லை. ஆனா, சக விஞ்ஞானி ஒருவர் உட்கார்ந்து படித்திருந்தால் 1978-லேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம்.)