முக்கோணம் வகுத்த ஆசாரியர்

மகாவீரர் என்னும் திருப்பெயரைக் கேட்டதும் நம் கைகள் தாமே குவிகின்றன. இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய அப்பெருமானையன்றி வேறொருவர் நம் நினைவிற்கு வருவதில்லை. ஆயின் அத்திருநாமத்தையே தாங்கி, அவர் வீடுபேறு எய்திப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த கணித ஆசாரியர் ஒருவர் நம் சமயத்தில் இருந்தார். கணித வரலாறு எழுதுவோர் ஆரியபட்டர், பிரம்மகுப்தர், பாஸ்கரர் என்போருக்கு நிகராக அவரை வைத்துப் பேசுவர். நம் இல்லங்களிலோ அவர் பெயர் வழங்கக் காணோம். பள்ளிச் சிறுவர் இன்று மனனம் செய்யும் முக்கோண வகைகளை ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்துக் கற்பித்த அம்மகாவீராசாரியரைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகுகின்றோம்.

தக்காணத்தை இராட்டிரகூடர் ஆண்ட காலம் அது. கி.பி. 814இல் அரியணை ஏறி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்த அமோகவர்ஷ நிருபதுங்கர் மான்யகேடத்தைத் தலைநகராகக் கொண்டிருந்தார். அவ்வூர் இன்று கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என வழங்குகின்றது. ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியரைத் தம் குருவாகப் போற்றிய மன்னர் இவர். வீரசேனாசாரியர் தவள உரையை 816இலும், அவர் தொடங்கிய ஜயதவள உரையை ஜினசேனர் 837இலும் நிறைவு செய்தனர். எண்ணும் அளவையும் இன்றி அவ்வுரைகளை ஒரு பக்கமும் கற்க இயலாது. மூவுலகின் அளவு, உயிர்களின் தொகை, வினைகளின் காலம், எண்ணத்தக்கது, எண்ணவொண்ணாதது, முடிவிலி என்று நம் ஆகமங்கள் கணிதத்தின் மேலேயே நடக்கின்றன. அத்தகைய சூழலில், ஏறத்தாழ 850ஆம் ஆண்டளவில், மகாவீராசாரியர் கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார்.

அதே காலத்தில் நம் மதுரையும் வாளா இருக்கவில்லை. யானைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் அச்சணந்தி அடிகள் முதலானோர் அருக உருவங்களைச் செதுக்குவித்தது அந்நூற்றாண்டிலும் அதனை அடுத்துமே ஆம். குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரியர் மாணாக்கர் பெயர்கள் சமணர் மலைக் கல்வெட்டுகளில் இன்றும் உள்ளன. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்த இளங்கௌதமனைக் கல்வெட்டு மதுரை ஆசிரியன் என்றே குறிக்கின்றது. இவர்களுக்கும் மான்யகேடத்து ஆசாரியருக்கும் தொடர்பு இருந்தது என்று கூறச் சான்று எதுவும் இல்லை. ஒரே காலத்தில் இரு நாடுகளில் ஆசிரியர் என்னும் சொல் எத்துணைப் பெருமை பெற்றிருந்தது என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

ஆசாரியர் தம் ஊரையோ பெற்றோரையோ நூலில் குறித்து வைக்கவில்லை. நூல் முகப்பில் கணிதம் என்னும் விளக்கினால் உலகை ஒளிரச் செய்தவராகத் தீர்த்தங்கரரை வணங்குகின்றார். பின்னர் அமோகவர்ஷரைச் சியாத்வாத நெறி நின்றவராக வாழ்த்துகின்றார். அவ்வாழ்த்தினால்தான் அவர் காலம் நமக்குத் தெரிகின்றது. அதனை அடுத்து, கணிதம் எங்கெங்குப் பயன்படும் என்று ஒரு நீண்ட பட்டியல் வருகின்றது. வாணிகம், மருத்துவம், கட்டடம், இசை, கூத்து, யாப்பு, இலக்கணம், கோள்களின் செலவு ஆகியவற்றோடு சமையற்கலையையும் அவர் மறக்கவில்லை. அடுக்களையையும் ஆகமத்தையும் ஒரே மூச்சில் கூறிய அவ்வுள்ளம் நமக்கு மிகவும் உகந்ததாக இருக்கின்றது.

நூல் ஆயிரத்து நூறு செய்யுட்களுக்கு மேற்பட்டது. ஒன்பது இயல்களை உடையது. அதற்கு முந்தைய ஆசிரியர் பலர் கணிதத்தை வானநூலின் ஓர் அங்கமாகவே எழுதி வந்தனர். இவரோ கணிதம் ஒன்றனையே பொருளாகக் கொண்டு, விதியை முதலிலும் பயிற்சிக் கணக்குகளைப் பின்னும் வைத்து, மாணாக்கனை முன்னிருத்தி எழுதினார். கணக்குகளில் தாமரைத் தடாகங்களும், வண்டினங்களும், ஜினாலயத்திற்குப் படைக்கும் மலர்களும் வருகின்றன. 139ஐ 109ஆல் பெருக்க 15151 என முன்னும் பின்னும் ஒன்றாக வரும் எண் கிடைப்பதைப் போன்ற விளையாட்டுகளும் உண்டு. நல்லாசிரியர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

க்ஷேத்திர கணிதம் என்னும் ஏழாம் இயலில் வடிவங்களை அவர் பதினாறு வகையாக எண்ணுகின்றார். நான்கு பக்கத்தன ஐந்து. வட்டம், அரைவட்டம், நீள்வட்டம், சங்குவடிவம் முதலிய வளைந்தன எட்டு. முக்கோணம் மூன்றே வகை. மூன்று பக்கமும் ஒத்தது சமம். இரு பக்கம் ஒத்தது துவிசமம். ஒன்றும் ஒவ்வாதது விஷமம். இன்றைய பாடநூல்கள் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் என்று கூறுவன இவையே. விஷமம் என்னும் சொல்லை மட்டும் வகுப்பில் சொல்லிவிடலாகாது. பிள்ளைகள் அடுத்த பலகையில் இருப்பவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பர். உண்மையில் அவ்வகை முக்கோணமே அளப்பவருக்கு மிகுந்த விஷமம் செய்வது.

பாடநூலில் வேறு மூன்று வகைகளும் உள்ளனவே, குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்பவற்றை ஆசாரியர் எங்கே வைத்தார் என்று வாசகர் வினவலாம். அவ்வாறு அவர் வகுக்கவில்லை. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட் பக்கம் கொண்டு ஒருமுறையும் கோணம் கொண்டு ஒருமுறையும் முக்கோணத்தைப் பிரித்தார். நம் நாட்டு நூலோர் இவ்வடிவத்தை மூன்று புயங்களை உடையது என்னும் பொருளில் திரிபுஜம் என்றனர். தமிழில் நாம் மூன்று கோணம் என்கின்றோம். ஒரே வடிவத்தைப் பக்கத்திலிருந்து நோக்குவதும் மூலையிலிருந்து நோக்குவதும் ஆகிய இருவகைப் பார்வை அப்பெயர்களிலேயே அமைந்திருக்கின்றன. ஒரு பொருளைப் பல நோக்கில் காண வேண்டும் என்னும் அநேகாந்தம் கற்றவர்க்கு இது புதிதன்று.

கோணத்தை அளக்கவில்லை என்பதனால் கோணத்தால் வரும் வேறுபாட்டை அவர் அறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. செங்கோண முக்கோணம் அவருக்கு நீள்சதுரத்தின் பாதி. நீள்சதுரத்தின் இரு பக்கமும் மூலைவிட்டமும் முழு எண்ணாக வருமாறு, இரண்டு எண்களை வித்தாகக் கொண்டு வடிவத்தைப் பிறப்பிக்கும் முறையை அவர் விரிவாகக் கற்பிக்கின்றார். 3, 2 என்பன வித்துகளாயின், அவற்றின் வர்க்கங்களின் வேறுபாடு 5. பெருக்கத்தின் இருமடங்கு 12. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 13. இவ்வாறு பிறந்த இரண்டு முக்கோணங்களை ஒட்டி வைத்துப் புதிய முக்கோணங்கள் ஆக்குவது அவர் முறையின் சிறப்பு.

வீட்டில் அட்டை இருப்பின் வாசகர் செய்து பார்க்கலாம். 5, 12, 13 என்னும் அளவில் ஒன்றும், 9, 12, 15 என்னும் அளவில் மற்றொன்றும் வெட்டிக் கொள்க. 12 உள்ள பக்கங்களைப் பொருத்தி, எதிரெதிர்ப் புறமாக வைத்தால், 13, 14, 15 பக்கங்களை உடைய அசமபக்க முக்கோணம் கிடைக்கும். அதன் கோணங்கள் மூன்றும் குறுங்கோணமே. சிறியதைப் பெரியதன் மேல் ஒரே புறமாகப் படிய வைத்து, அது மறைத்த பகுதியை நீக்கிவிட்டால், 4, 13, 15 பக்கங்களை உடைய விரிகோண முக்கோணம் எஞ்சும். முன்னதில் குத்துயரம் அடிப்பக்கத்தின் உள்ளே விழுகின்றது. பின்னதில் வெளியே விழுகின்றது. குறுங்கோணமும் விரிகோணமும் வேறுபடும் இடம் இதுவே. 1150இல் லீலாவதி எழுதிய பாஸ்கரர், குத்துயரம் வெளியே விழும்போது அடிப்பக்கத் துண்டு ஒன்று குறை எண்ணாக வரும் என்று 9, 10, 17 பக்கமுள்ள முக்கோணத்தைக் கொண்டு தெளிவாகக் காட்டினார். கோணமானி இன்றி, குத்துயரம் ஒன்றினாலேயே நம் முன்னோர் அனைத்தையும் கண்டனர். ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு இந்த அட்டைப் பாடத்தை நாம் பெரிதும் பரிந்துரைப்போம். ஆறு பெயர்களை ஒப்பிக்கச் செய்வதினும் இது மேலானது.

மூன்று பக்கமும் ஒத்த முக்கோணம் பார்வைக்கு எளிது, கணக்கிற்கு அரிது. பக்கம் 8 ஆயின் பரப்பின் வர்க்கம் 768. அதன் வர்க்கமூலம் 27க்கும் 28க்கும் இடையே எங்கோ நிற்கும். முடிவாக எழுத வராது.

ஆசாரியர் பரப்பிற்கு இரண்டு விடைகள் கற்பித்தார். ஒன்று வியாவகாரிகம், அஃதாவது நடைமுறைக்கு ஆகும் பருங்கணக்கு. மற்றொன்று சூக்குமம் என்னும் நுண்கணக்கு. பருங்கணக்கில் எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்க வேண்டும். முக்கோணத்திற்கு நான்காம் பக்கம் இல்லாமையால் அதனைச் சுழி எனக் கொள்வர். நுண்கணக்கிலோ பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, நான்கினையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும்.

இதன் வேறுபாட்டை நம் வட்டாரத்து நிலத்திலேயே காண்போம். நாகமலைக்கும் யானைமலைக்கும் இடைப்பட்ட வைகைச் சமவெளியில் கண்மாய்க்கரையும் வாய்க்காலும் வெட்டிச் செல்வதனால் முக்கோணத் துண்டாக நிற்கும் வயல்கள் பல. ஒரு வயலின் பக்கங்கள் 130, 140, 150 அடி எனக் கொள்வோம். 130, 150 ஆகியவற்றின் சராசரி 140. அடிப்பக்கமாகிய 140இல் பாதி 70. பெருக்க 9,800 சதுர அடி. இது பருங்கணக்கு. நுண்கணக்கில் வருவது 8,400 சதுர அடி. வேறுபாடு 1,400 சதுர அடி. மூன்று சென்டிற்கும் மேல்! விற்பவன் முதற்கணக்கைச் சொன்னால், வாங்குபவன் இல்லாத நிலத்திற்குப் பொருள் கொடுக்கின்றான். வரி விதிப்பவர் அதனைக் கொண்டால், உழுபவன் விளையாத நிலத்திற்கு வரி செலுத்துகின்றான். பருங்கணக்கு முக்கோணத்தில் ஒருபோதும் குறைத்துக் காட்டாது. எப்பொழுதும் மிகுத்தே காட்டும். இன்று நில அளவையர் வைத்திருக்கும் புல வரைபடத்திலும் வயல் முக்கோணங்களாகப் பகுக்கப்பட்டு, குத்துக்கோடுகள் இட்டே அளக்கப்பட்டிருக்கக் காணலாம்.

இல்லறத்தார்க்கு உரிய கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்கள் கூறுகின்றது. குறைத்துக் கொடுத்து மிகுத்துக் கொள்ளும் பொய் அளவை அவற்றுள் ஒன்று. ஆசாரியர் இவ்விரதத்தைக் கருதித்தான் இரு கணக்கையும் அருகருகே வைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. பருங்கணக்கு இன்னது, நுண்கணக்கு இன்னது என்று பெயரிட்டுப் பிரித்துக் காட்டிய நூல் ஒருவன் கையில் இருந்தால், அறியாமல் மிகுத்து வாங்கினேன் என்னும் சொல் அவனுக்கு உதவாது.

அவரிடம் பிழையே இல்லையோ எனின், உண்டு. ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்றார், அது பொருந்தாது. நீள்வட்டத்தின் பரப்பிற்கு அவர் கூறிய விதியும் தவறானது. இவற்றை மறைத்து, எல்லாம் நம்மவரே கண்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் சிலர் உளர். அவர்கள் ஆசாரியருக்குப் பெருமை சேர்ப்பவர் அல்லர். குறை எண்ணிற்கு வர்க்கமூலம் இல்லை, ஏனெனில் அஃது எதனுடைய வர்க்கமும் அன்று என்று அவர் காரணத்தோடு கூறியதும், பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளை எண்ணப் பொதுவிதி தந்ததும் அவரை நிலைநிறுத்தப் போதுமானவை.

நூல் தென்னகத்தில் நெடுங்காலம் பயிலப்பட்டது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்கில் ஆக்கினார். பின்னர் ஓலைகளில் உறங்கிக் கிடந்ததனைச் சென்னை மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகக் காப்பாளருமாகிய மு. ரங்காசாரியர் எடுத்தார். நூலகத்திலிருந்த படிகள் முழுமையாக இல்லாமையால் மைசூரிலிருந்தும் மூடபித்திரியிலிருந்தும் படிகள் வருவித்து ஒப்புநோக்கினார். 1912இல் சென்னை அரசினர் அச்சகம் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் முன்னுரை வழங்கினார். 1963இல் இலட்சுமி சந்திர ஜைன் அவர்களின் இந்தி மொழிபெயர்ப்பு சோலாப்பூர் ஜீவராஜ ஜைன கிரந்தமாலையில் வெளிவந்தது. சமணர் மடங்களில் கட்டிவைக்கப்பட்ட ஓலைக்கட்டு ஒன்று செல்லரிக்காமல் எஞ்சியிருந்தமையால்தான் இவையெல்லாம் நிகழ்ந்தன. நம் ஊர்களில் முன்னோர் விட்டுச்சென்ற ஓலைக்கட்டுகள் இன்னும் பரண்மேல் உள்ள இல்லங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்குமுன் எறிந்துவிட வேண்டா என்று அவ்வில்லத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.